ஆலிவ் மரமும் போரான் பசியும்

கேள்வி: ஆலிவ் மரத்துக்கு நுண்ணூட்டம் தெளித்தால் எண்ணெயின் தரம் உயருமா?

பதில்: எண்ணெயின் அமிலத்தன்மை 0.8 சதவீதத்தைத் தாண்டினால் 'எக்ஸ்ட்ரா வர்ஜின்' பட்டம் போய்விடும். அதை ஏற்றிவிடுவது ஆலிவ் ஈ, பறிக்கும்போது பட்ட அடி, ஆலைக்குப் போகாமல் குவியலில் புழுங்கிய நேரம். அதற்கெல்லாம் தெளிப்பில் மருந்து கிடையாது. காயின் உருவமும் காய்ப்பும்தான் தெளிப்பால் தேறும். அதுவும் மரத்தில் சத்துக்குறை இருந்தால் மட்டுமே.

கேள்வி: எந்தச் சத்து?

பதில்: முதலில் போரான். மகரந்தத்தூள் முளைத்து, குழாய் நீட்டி, சூலை எட்ட அது வேண்டும். நன்றாகப் பூத்த ஆலிவ் மரத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பூ காயானாலே போதும், நல்ல மகசூல். போரான் குறைந்தால் அதற்கும் முடை. தப்பி நிற்கும் காயும் நுனிப்பக்கம் குழிவிழுந்து கோணிப்போகும். கலிபோர்னிய விவசாயிகள் இதைக் 'குரங்கு முகம்' என்கிறார்கள். ஊறுகாய்க்காக வளர்க்கும் தோட்டத்தில் அந்தக் காயை யாரும் வாங்கமாட்டார்கள். இலையையும் பாருங்கள்: நுனி கருகியிருக்கும், அதையடுத்து ஒரு மஞ்சள் பட்டை, அடிப்பாகம் மட்டும் பச்சையாகவே இருக்கும்.

கேள்வி: மண்ணில் போட்டால் ஆகாதா?

பதில்: பல இடங்களில் ஆகும். ஆனால் ஸ்பெயினின் ஆந்தலூசியா போன்ற சுண்ணாம்பு மண்ணில், மண் காய்ந்த நாட்களில், போரான் இருந்தும் வேருக்கு எட்டாது. அங்கே இலைவழிதான் கைகொடுக்கும். இன்னொரு அதிசயமும் உண்டு. பல மரங்களில் போரான் போய்ச் சேர்ந்த இலையிலேயே முடங்கிவிடும். ஆலிவ் மரம் மானிட்டால் என்ற சர்க்கரைப் பொருளைத் தயாரிக்கிறது. போரான் அதோடு கைகோத்து இலையிலிருந்து பூங்கொத்துக்கும் பிஞ்சுக்கும் போய்விடும். இலையில் தெளித்தது பூவுக்கு உதவுவது இப்படித்தான்.

கேள்வி: எப்போது தெளிப்பது?

பதில்: பூ விரியும் முன். பூ உதிர்ந்தபின் தெளித்தால் அந்த வருடக் காய்ப்புக்குப் பலனில்லை. முற்றிய ஆலிவ் இலையின் மேல் மெழுகு, அடியில் வெள்ளி ரோமம். அது எளிதில் உறிஞ்சாது, இளம் இலைதான் உறிஞ்சும். வெயில் ஏறுமுன் தெளியுங்கள், காய்ந்த துளியால் பயனில்லை.

கேள்வி: மரம் முழுக்க மஞ்சளாக இருக்கிறது, இரும்புச்சத்தைத் தெளிக்கட்டுமா?

பதில்: சுண்ணாம்பு மண்ணில் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புக்குறை என்று சந்தேகிக்கலாம். காயும் சிறுத்துவிடும். ஆனால் இரும்பைத் தெளித்தால் பட்ட இடம்தான் பச்சையாகும், மற்ற இடம் வெளுத்தே கிடக்கும். மண்ணில் இரும்புச் செலேட் வையுங்கள், அல்லது ஸ்பெயினில் செய்வதுபோல அடிமரத்தில் ஊசி போடலாம்.

கேள்வி: எல்லாச் சத்தும் கலந்த டப்பா ஒன்றை வாங்கி அடித்துவிட்டால்?

பதில்: வேண்டாம். ஜூலையில், அந்த வருடக் கிளையின் நடுப்பகுதி இலைகளைப் பறித்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். போரான் பத்து லட்சத்துக்கு 14 பங்குக்குக் கீழே என்றால் பற்றாக்குறை. 19 முதல் 150 வரை போதுமானது, தெளிக்கத் தேவையில்லை. 185-ஐத் தாண்டினால் அதே போரான் மரத்துக்கு நஞ்சு.