தேநீர் வளையமும் திணைக் கோட்பாடும்: கம்பம் பள்ளத்தாக்குச் சித்திரக் குறிப்பேடுகள் பற்றி ஒரு மிகையாய்வு

ஆய்வின் தேவை

போகிற இடத்தில் கண்ட மலை, அருவி, வயல், கோபுரம் எல்லாவற்றையும் ஒரு சிறு நோட்டில் உட்கார்ந்து வரைந்து வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவி வருகிறது. ஒன்று பரவினால் அதை ஆராய ஒருவர் வேண்டும். ஆராய்பவருக்கு ஒரு நெறியாளர் வேண்டும். நெறியாளருக்குப் பதவி உயர்வு வேண்டும். ஆகலின் இவ்வாய்வு தேவையாயிற்று என்க.

இத்துறையில் முன்னோர் செய்த பிழை ஒன்றே ஒன்று. குறிப்பேட்டைத் திறந்ததும் படத்தைப் பார்த்துவிட்டார்கள். படம் பார்க்கப் பட்டம் எதற்கு? பள்ளிப் பிள்ளை பார்க்கும். ஆய்வாளர் பார்க்கவேண்டியது படத்தின் மேல் விழுந்த கறையை. கறைகளிலும் தலையாயது தேநீர்க் கறை. அதை ஆராய விளக்கமுறை, ஒப்பீட்டுமுறை, பகுப்பாய்வுமுறை ஆகிய மூன்றும் இங்கே கையாளப்பட்டுள்ளன. மூன்றுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்ட மாணவர், அடுத்த ஆண்டு பதிவு செய்துகொள்ளுமாறு அன்புடன் அறிவுறுத்தப்பட்டார்.

ஆய்வுப் பரப்பு

கிழக்கே ஆண்டிபட்டிக் கணவாய் தொடங்கி, தேனி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாக லோயர் கேம்ப் முடிய. கிழக்குப் பக்கம் மேகமலை; மேற்குப் பக்கம் கேரளத்து ஏலமலைகள். இப்பரப்புக்குள் சாலையோரம் டீக்கடை இல்லாத இடம் ஆய்வு வரம்புக்கு அப்பாற்பட்டது.

திணைப் பகுப்பு

எதை ஆராய்ந்தாலும் முதலில் திணை பிரிக்கவேண்டும் என்பது மரபு. பேருந்து நிலையத்தையும் பிரித்திருக்கிறார்கள். குறிப்பேட்டைப் பிரிப்பதில் தடையேது?

மேகமலைப் பக்கங்கள் குறிஞ்சி. இதில் சிக்கல் இல்லை. சின்னமனூரிலிருந்து ஏறும் சாலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் நெடுஞ்சாலைத் துறையே பூக்களின் பெயரைப் பலகையில் எழுதி வைத்துவிட்டது; கருப்பொருளைத் தேடி நாம் நூலகம் போகவேண்டியதில்லை. பள்ளத்தாக்கின் தரை மருதம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. அந்தப் பச்சைக்கு எந்தக் கம்பெனியின் டப்பாவிலும் ஒரே கட்டியில் நிறம் கிடையாது, மூன்றைக் குழைக்கவேண்டும். ஆண்டிபட்டிக் கணவாயின் வறண்ட கரடு பாலை. முல்லை ஆற்றின் பெயரிலேயே இருக்கிறது. நெய்தல்தான் இடித்தது. கடல் எழுபது எண்பது மைலுக்கு அப்பால் இருக்கிறது. ஐந்து திணையும் அமையாவிட்டால் ஆய்வேட்டை ஏற்கமாட்டோம் என்று குழுவினர் கூறிவிட்டமையால், 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் நீர்த்தேக்கமும், அங்கே மீன் வறுக்கும் கடைகளும் நெய்தலாகக் கொள்ளப்பட்டன. இரங்கல் என்னும் உரிப்பொருள், மீன் தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் சொல்லும்போது தோன்றும் (காண்க: அதே கடை, மாலை நேரம்).

ஐரோப்பியர்

1792இல் தெற்கே வந்த தாமஸ் டேனியலும் அவர் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் மதுரையையும் பாபநாசம் அருவியையும் வரைந்தார்கள்; அக்காலத்தில் டீக்கடை இல்லாமையால் இவ்வாய்வு அவர்களைக் கணக்கில் கொள்ளாது.

முன்னோடிகள்

தமிழரில் முதலில் சொல்லவேண்டியவர் சில்பி. இயற்பெயர் பி. எம். சீனிவாசன். ஆனந்த விகடனில் வந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிற்பத்தின் எதிரே உட்கார்ந்து வரைந்தவர். கல்லில் உள்ள அணிகலனின் ஒரு மணிகூடக் குறையாது. அவருடைய படங்களை அச்சில் முழுவதும் துருவிப் பார்த்துவிட்டோம். ஒரு தேநீர் வளையம்கூட இல்லை. கோயிலுக்குள் டீ விடமாட்டார்கள் என்பது ஒரு காரணமாகலாம்; எப்படியாயினும், சான்று தராத கலைஞரை ஆய்வுலகம் மன்னிப்பது கடினம்.

அடுத்தவர் மனோகர் தேவதாஸ், மதுரைக்காரர். விழித்திரை நோயால் பார்வை சிறுகச் சிறுகக் குறுகிக்கொண்டே வந்த காலத்தில், கோபுரத்தையும் தெருவையும் கறுப்பு மையில் மயிரிழைக் கோடுகளாக வரைந்துகொண்டே இருந்தார். 2022இல் மறைந்தார். அவர் படங்களின் முன் நின்றால் கறையைத் தேடத் தோன்றவில்லை. அதனால் அவரைப் பற்றி வேறு எதுவும் எழுதாமல் நகர்கிறோம்.

மூன்றாமவரான பொறியாளர் பென்னிகுவிக்கை ஓவியர் என்று யாரும் சொல்வதில்லை. மேற்கே ஓடிய பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பலாமா என்று 1808இல் பார்க்க வந்த கால்டுவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி, இது வெறும் கனவு என்று எழுதிவிட்டுப் போனார். (அவரும் ஆய்வறிக்கைதான் எழுதினார் என்பது நோக்கத்தக்கது.) பின்னர் வந்த பென்னிகுவிக் காகிதத்தில் கோடு போட்டார், 1887இல் தொடங்கிய வேலை 1895இல் அணையாக நின்றது. இப்பள்ளத்தாக்கைப் பற்றிப் போட்ட கோடுகளில் அதிக விளைச்சல் தந்தது அதுதான். வீட்டுக்கு வீடு அவர் படம் மாட்டியிருக்கிறார்கள். ஆய்வாளர் படத்தை எங்கும் காணோம்.

வளையவியல்

இனி, ஆய்வின் உயிர்ப்பகுதி.

ஒருவர் உத்தமபாளையத்தில் டீக்கடைப் பெஞ்சில் அமர்ந்து நோட்டை மடிமேல் விரிக்கிறார். டீ வருகிறது. ஒரு கையில் பேனா, மறு கையில் டம்ளர். மலை தெரிகிறது, மேகம் இறங்குவதற்குள் கோட்டைப் போட்டாகவேண்டும். டம்ளரைப் பக்கத்தின் மேல் வைக்கிறார். பிறகு எடுக்கிறார். அங்கே ஒரு வளையம் பிறக்கிறது. படம் வரைந்தவர் இதை விபத்து என்பார். எதையும் விபத்து என்று விட்டுவிட்டால் பல்கலைக்கழகங்களில் பாதியை மூடவேண்டியிருக்கும்.

வளையத்தின் முதற்பயன் காலக்கணிப்பு. மைக்கோடு வளையத்தின் மேல் தெளிவாக ஓடினால், படம் டீக்குப் பிற்பட்டது. வளையம் பட்ட இடத்தில் மை கசிந்திருந்தால், படம் டீக்கு முற்பட்டது. இவற்றை முறையே டீ.பி., டீ.மு. என்று குறிப்போம். ஒரே படத்தில் அடிவாரம் டீ.மு.வாகவும் சிகரம் டீ.பி.யாகவும் இருப்பதுண்டு. இடையில் உள்ளது இருண்ட காலம். அப்போது ஓவியர் குடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது பாத்திரச் சான்று. கண்ணாடி டம்ளர் தடித்த வளையம் தரும். காகிதக் கப் மெலிந்தது தரும். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்களைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. ஆகவே மெலிந்த வளையம் உள்ள பக்கங்கள் யாவும் அந்நாளுக்கு முற்பட்டவை. இது சட்டப்படி. நடைமுறைப்படி பார்த்தால், பிழை வரம்பு போன வாரம் வரை நீள்கிறது.

பருவச் சான்றுக்குக் கம்பத்துப் பன்னீர் திராட்சையை நம்பியவர்கள் ஏமாந்தார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அக்கனி ஆண்டு முழுவதும் காய்ப்பது; பக்கத்தில் ஊதா நிறம் சிந்தியிருந்தால் தை என்றும் சொல்லலாம், ஆடி என்றும் சொல்லலாம். காற்றோ நம்பத்தக்கது. தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் மேற்கு மலைக் கணவாய் வழியே வரும் காற்று பக்கத்தைத் தானே புரட்டும்; வளையம் ஒரு பக்கத்திலும் மலை இன்னொரு பக்கத்திலுமாக விழும். அவ்வாறு பிரிந்த படங்களை ஆனி, ஆடிக்கு உரியன என்று கொள்க (வாய்மொழி: கம்பம் பேருந்து நிலைய டீக்கடைக்காரர், பால் பொங்குவதற்கு முன் கூறியது. பொங்கிய பின் அவரே கூறியது இதற்கு முரண்; அச்சேறாது).

சர்க்கரைச் சான்று எறும்பு சார்ந்தது. தூக்கலாகச் சர்க்கரை போட்ட வளையத்தை எறும்பு சில நாளில் கண்டுபிடிக்கும். எறும்பு அரித்த சிகரத்தை இயற்கையான பள்ளம் என்று மயங்கி நிலவியல் கட்டுரை எழுதியவரும் உண்டு (களக்குறிப்பு, நனைந்த பகுதி, அதன் மறுபதிப்பு, வெயிலில் காயவைத்த பகுதி, இரண்டையும் ஒப்பிட்டு எறும்பு செய்த திருத்தம், அத்திருத்தத்துக்கு மறுப்பாகப் பல்லி).

வடிவம் பற்றிய பூசல் பெரிது. வளையம் முழுவட்டமாகவே பிறந்தது, அரைவட்டம் பிற்காலச் சிதைவு என்பது ஒரு சாரார் கொள்கை. அரைவட்டமே மூலம், டம்ளரை நகர்த்தி நகர்த்தி முழுவட்டமாக்கியது இடைச்செருகல் என்பர் மற்றொரு சாரார். நீள்வட்டம் பெஞ்சின் ஆட்டத்தால் விளைந்த பாடபேதம் (சின்னமனூர்ப் பெஞ்சுப் பிரதி, இடது முன்கால் ஆடுவது. ஆடாத பெஞ்சு ஒன்றும் அவ்வூரில் இருந்ததாக உரைகாரர் ஒருவர் காட்டுவர். அவர் நின்றுகொண்டே குடித்தவர் என்பதால் அது செவிவழிச் செய்தி எனத் தள்ளுக. தள்ளலாகாது என்பாரும் உளர், அவரையும் தள்ளுக).

இந்த மண்ணுக்கும் வட்டத்துக்கும் உள்ள உறவு பழையது என்பதையும் இங்கே நிறுவவேண்டும். உத்தமபாளையத்துக் கருப்பணசாமி பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களோடு இருப்பவை வட்டெழுத்துக் கல்வெட்டுகள். சின்னமனூரில் கிடைத்த பாண்டியரின் பெரிய செப்பேட்டில், மகாபாரதம் தமிழானதையும் மதுரையில் சங்கம் இருந்ததையும் சொல்லும் தமிழ்ப் பகுதியும் வட்டெழுத்தே. அவ்வெழுத்து வழக்கொழிந்துவிட்டது என்று நூல்களில் படிக்கிறோம். ஒழியவில்லை. டம்ளரின் அடியில் தங்கிவிட்டது.

வைகைக் கரைப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களை விட்டுவிட்டுக் காலக்கணிப்பைப் பேசமுடியாது. தமிழி எழுத்துப் பொறித்தவை. ஒன்று கூடல் ஊரில் நடந்த ஆநிரைப் பூசலில் பட்டவனுக்கு எடுத்தது. அக்கற்களின் காலத்தை மேலே ஏற்றுவாரும் கீழே இறக்குவாரும் இன்றும் உண்டு. இரு தரப்பையும் படித்ததில் எங்களுக்கு ஒரு பொதுவிதி புலப்பட்டது: எந்தத் தொல்பொருளின் வயதும், அது கிடைத்த இடத்துக்கும் கண்டுபிடித்தவரின் சொந்த ஊருக்கும் உள்ள தொலைவுக்கு எதிர்விகிதமாக இருக்கும். வளையவியலுக்கும் இது பொருந்தும். சொந்தத் தெருவில் கிடைத்த டீ வளையம் சங்க காலத்துக்குக் குறையாது.

இயற்கை அழகு

உள்ளது.

களத்தில் நேர்ந்தவை

கள ஆய்வின்போது ஓவியர் ஒருவர் கூடலூர்ப் பக்கம் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார். மேகமலை முழுக்க மூடியிருந்தது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “மலையவா வரையுறீங்க சார்? நேத்து வந்துருந்தா பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கும்” என்றார். இந்த வாக்கியத்தைப் பள்ளத்தாக்கின் எல்லாக் கடைகளிலும் எல்லா நாளிலும் கேட்கலாம். மலை தெளிவாகத் தெரிந்த நாள் என்றும் நேற்றாகவே இருக்கிறது. ஓவியர், “பரவாயில்லண்ணே, மேகத்த வரையுறேன்” என்றார். முறையான கருதுகோள் இல்லாமல் ஒருவர் எப்படி இவ்வளவு நிம்மதியாக இருக்கமுடிகிறது என்பது விளங்கவில்லை.

வளையங்களின் விட்டத்தை அளக்க அமர்த்தப்பட்ட ஆய்வு உதவியாளரால் இன்னொரு சிக்கல். அடிக்குச்சியை வளையத்தின் மேல் வைத்தவர் அளவைச் சொல்லாமல் நின்றுகொண்டே இருந்தார். என்ன தம்பி என்று கேட்டதற்கு, “சார், வட்டத்துக்குள்ள பாருங்க, நெல்லு நாத்து நட்டுருக்காங்க, வரப்புல ஒரு கொக்கு நிக்குது” என்றார். திட்டத்திலிருந்து அவர் அன்றே நீக்கப்பட்டார். மறுநாள் கம்பத்துக் கடைத்தெருவில் ஒரு வரைநோட்டும் இரண்டு பென்சிலும் வாங்கினார் என்று கேள்வி.

மேலாய்வுக் களங்கள்

வடை எண்ணெய்க் கறை தனித் துறையாக வளரவேண்டும். எண்ணெய் பட்ட பக்கம் கண்ணாடிபோல் ஆகி, அடுத்த பக்கத்துச் சுருளி அருவியை இந்தப் பக்கத்து வீரபாண்டிக் கோயிலின் மேல் கொட்டவைக்கிறது. இதை ஊடுபிரதித்தன்மை என்று அழைப்பதா என்று ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கம் கூட்ட எண்ணம். மலேசியாவிலிருந்து ஒருவர் இணையவழி வந்துவிட்டால் பன்னாட்டு ஆகிவிடும். கட்டணம் கட்டினால் நான்கே நாளில் அச்சிடும் ஆய்விதழ் ஒன்றும் பேசிவைக்கப்பட்டுள்ளது. அதன் ஆசிரியர் குழு கட்டுரையின் தலைப்பைப் படித்தே வியந்து ஏற்றுக்கொண்டது. தலைப்புக்கு மேல் அவர்கள் படிப்பதில்லை.

இக்கட்டுரையில் ஆராயப்பட்ட வளையங்களிலேயே முழுமையானது, உத்தமபாளையம் பெஞ்சில் கிடைத்த முழுவட்டம். அந்த டம்ளரை அங்கே வைத்தது தாம்தான் என்பதால் முதல் ஆசிரியர் இடம் தமக்கே உரியது என்று நெறியாளர் கடிதம் அனுப்பியிருக்கிறார். டீக்குக் காசு கொடுத்த மாணவரின் பெயர் மூன்றாவதாக வரும்.