கேரியர் பட்டறையும் ஓசிச் சொற்பொழிவும்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

தம்பியின் பல்கலைக்கழக அட்மிஷனோடு வந்த கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் ‘கேரியர் வொர்க்‌ஷாப்’ என்று போட்டிருக்கிறதே, அது சைக்கிள் கேரியருக்கு வெல்டிங் வைக்கிற பட்டறையா, சாப்பாட்டுக் கேரியருக்கு ஈயம் பூசுகிற இடமா என்று கேட்டிருந்தீர்கள். நக்கல் புரிந்தது. ஆனால் இரண்டாவது ஊகம் கிட்டத்தட்டச் சரி. பாத்திரத்தைத் தேய்த்து, ஈயம் பூசி, பளபளவென்று கையில் கொடுப்பார்கள். உள்ளே சோறு வைப்பது அவர்கள் வேலையில்லை. அதே கையேட்டின் கடைசிப் பக்கத்தில், யாரும் படிக்காத பொடி எழுத்தில், ‘பொதுச் சொற்பொழிவுகள், அனுமதி இலவசம்’ என்று ஒரு வரி இருக்கும். ஓசியில் கிடைப்பது ஒன்றுக்கும் ஆகாது என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். தம்பி வேலைக்காகத்தான் இங்கே வருகிறான் என்றால், அந்தக் கடைசி வரிதான் அவனுக்கு முதலில் வேண்டியது. பேச்சு சுவாரசியத்துக்காகச் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பட்டறை. நம் ஊர் எஞ்சினீயரிங் கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் செல் என்று ஒன்று உண்டல்லவா? கம்பெனிக்காரர்கள் கல்லூரிக்கே வந்து, பரீட்சை வைத்து, ஆட்களைப் பொறுக்கி எடுத்து, ஆஃபர் லெட்டரையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். கிட்டத்தட்டப் பெண் பார்க்க வருகிற மாதிரி. இங்கே அந்த வழக்கம் இல்லை. பல்கலைக்கழகத்தின் கேரியர்ஸ் பிரிவு வேலை வாங்கித் தராது. வேலை கேட்கக் கற்றுத் தரும். ஓர் அறையில் இருபது பேரை உட்கார வைத்து, சட்டையில் பெயர்ச் சீட்டு ஒட்டி, முதல் பத்து நிமிடம் ‘உங்களை ஒரு விலங்காக நினைத்துக்கொண்டால் எந்த விலங்கு?’ என்பது போன்ற கேள்வி கேட்பார்கள். மேலதிகாரிக்கு ஆந்தை பிடிக்கும் என்று நினைத்து ஆந்தை என்று சொல்பவர்கள்தான் அதிகம். பிறகு பயோடேட்டாவைப் பிரிப்பார்கள். நாம் பக்தியோடு முதலில் எழுதுகிற தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம், திருமணம் ஆனவரா, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கடைசியில் ‘மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்’ என்ற சத்தியப் பிரமாணம், எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு விழும். இரண்டு பக்கம், அதற்கு மேல் ஒரு வரி கூடாது. அடுத்து நேர்முகத் தேர்வில் கதை சொல்லும் முறை: நிலைமை என்ன, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செய்தாய், என்ன விளைந்தது என்று நான்கு படி. இதில் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ‘நாங்கள் செய்தோம்’ என்று சொல்லக் கூடாதாம், ‘நான் செய்தேன்’ என்றுதான் சொல்ல வேண்டுமாம். கேட்பவரையும் சேர்த்துக்கொள்ள ‘நாம்’, சேர்க்காமல் விட ‘நாங்கள்’ என்று இரண்டு பன்மை வைத்துக்கொண்டு பிழைக்கிற மொழிக்காரனிடம் இரண்டையும் பறித்துக்கொண்டால் அவன் என்ன செய்வான்? தனி ஒருவனுக்குச் சொந்தமான வீட்டைக்கூட ‘எங்கள் வீடு’ என்று சொல்லி வளர்ந்த நாக்கு.

சிரிப்பதற்கு இவ்வளவு இருந்தும், பட்டறையை நான் குறைத்துப் பேச மாட்டேன். அது யாருக்காக என்று பார்க்க வேண்டும். வேலை விஷயத்தில் நம் ஊரில் ஒரு மாமா தேவைப்படுவார். மின்வாரியத்தில் மாமா, வங்கியில் மாமா, குறைந்தபட்சம் தாலுகா ஆபீசில் ஒன்றுவிட்ட மாமா. வெள்ளைக்காரன் சுத்தம் என்று நினைக்காதீர்கள். இவர்களுக்கும் மாமா உண்டு, பெயர்தான் வேறு: பழைய பள்ளித் தோழர், கல்லூரி ஆசான், கிளப் சகா. எந்தச் சொல்லுக்கு எந்த வாசல் திறக்கும் என்று அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேஜையிலேயே தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு யார் சொல்வார்கள்? மாமா இல்லாதவர்களுக்குப் பல்கலைக்கழகம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற மாமாதான் கேரியர்ஸ் பிரிவு. தகப்பனார் பெயரையும் வயதையும் அடிப்பதில்கூட நியாயம் இருக்கிறது. வயது, மதம், இனம், திருமணம் முதலான ஒன்பது காரணங்களை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2010-இன் சமத்துவச் சட்டம் சொல்கிறது. கேட்கக் கூடாததை நாமாக ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்? (பல்கலைக்கழகத்துக்கும் இதில் சொந்த அக்கறை உண்டு. படிப்பு முடிந்து 15 மாதம் கழித்து, என்ன வேலையில் இருக்கிறீர்கள் என்று பட்டதாரிகளிடம் நாடு முழுக்கக் கணக்கெடுக்கிறார்கள். அது கல்லூரிகளின் மார்க் ஷீட்.)

என் குறை இதுதான்: பட்டறை சொல்லித் தருவதெல்லாம் தன்னைப் பற்றிப் பேச. தன்னைத் தவிர வேறொன்றைப் பற்றிப் பேச ஏதாவது இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இங்கேதான் ஓசிச் சொற்பொழிவு வருகிறது. லண்டனில் இது புது மோஸ்தர் இல்லை. தாமஸ் கிரெஷாம் என்ற வணிகர் உயில் எழுதி வைத்துவிட்டுப் போனதால் 1597-இல் தொடங்கியது கிரெஷாம் கல்லூரி. வானியல், வடிவியல், சட்டம், மருத்துவம், இசை, பேச்சுக்கலை, இறையியல் என்று ஏழு பேராசிரியர்கள். படித்தவர்களுக்கு லத்தீனிலும் ஊராருக்கு ஆங்கிலத்திலும் பேச வேண்டும் என்பது அந்நாள் விதி. மாணவர் சேர்க்கை கிடையாது, பட்டம் கிடையாது, இன்றுவரை இலவசம். யூனிவர்சிட்டி காலேஜில் மதியச் சாப்பாட்டு நேரத்துச் சொற்பொழிவு என்று 1942 முதல், அதாவது ஜெர்மன்காரன் குண்டு போட்டுக்கொண்டிருந்த நாளிலிருந்து, ஒன்று நடக்கிறது. புதிதாகப் பேராசிரியர் ஆனவர் ஊரைக் கூட்டி முதல் சொற்பொழிவு ஆற்றுவதும் வழக்கம்; நம் ஊர் அரங்கேற்றம் போல, முதல் வரிசையில் அம்மா அப்பாவோடு.

உங்கள் ஆட்சேபம் இப்போதே காதில் விழுகிறது. ‘உபன்யாசம் கேட்டு எவனுக்கடா வேலை கிடைத்தது?’ கிடைத்தவர் பெயர் மைக்கேல் ஃபாரடே. கொல்லரின் மகன், 1791-இல் பிறந்தவர், பதினான்கு வயதில் புத்தகம் பைண்டிங் செய்கிற கடையில் ஏழு வருட ஒப்பந்தத்தில் எடுபிடி. மாலையில் டேட்டம் என்பவர் விஞ்ஞானச் சொற்பொழிவு நடத்தினார், தலைக்கு ஒரு ஷில்லிங். ஃபாரடேயிடம் ஷில்லிங் ஏது? அண்ணன் ராபர்ட் கொடுத்தார். அவரும் கொல்லர்தான். ஃபாரடே சும்மா கேட்டுவிட்டு வரவில்லை. கேட்டதை எல்லாம் எழுதி, படம் வரைந்து, தன் கைத்தொழிலாலேயே பைண்ட் செய்து வைத்தார். கடை முதலாளி அதை வருகிறவர் போகிறவரிடம் காட்டினார். வாடிக்கையாளர் ஒருவர் வியந்துபோய், ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவி பேசுகிற நான்கு கூட்டங்களுக்கு டிக்கெட் கொடுத்தார். இது 1812. அதையும் எழுதி, முந்நூறு பக்கம் போல, பைண்ட் செய்து டேவிக்கே அனுப்பிவைத்தார். டேவி என்ன சொன்னார் தெரியுமா? பைண்டிங் தொழிலையே பார்த்துக்கொள் என்றார். சில மாதத்தில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் கைகலப்பில் இறங்கி வேலையை இழந்தார். 1813 மார்ச்சில் அந்த இடத்துக்கு ஃபாரடே. பிற்பாடு மின் மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் வழி செய்தவர் இவர்தான். நம் ஊரில் கரண்ட் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்ளலாம்.

அந்த முந்நூறு பக்கத்தில் ‘நான் கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து பணியாற்றக்கூடியவன்’ என்ற வரி இருந்திருக்க வழியே இல்லை. இருந்ததெல்லாம் டேவியின் விஷயம். ஆனால் எழுதியவன் எப்படிப்பட்டவன் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிந்தது. இதைவிட நல்ல பயோடேட்டா எந்தப் பட்டறையிலும் தயாராகாது. அதற்காக ஃபாரடே பட்டறைக்கே போகாதவர் என்று எண்ண வேண்டாம். 1818-இல் பெஞ்சமின் ஸ்மார்ட் என்ற பேச்சுப் பயிற்சியாளரிடம் காசு கொடுத்துக் கற்றார். மேடையில் அவசரப்பட்டால் ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டையைக் காட்டவும் ஆள் வைத்துக்கொண்டார். பின்னாளில் அதே ராயல் இன்ஸ்டிடியூஷனில் 19 முறை கிறிஸ்துமஸ் சொற்பொழிவு நிகழ்த்தியவர். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் சோறு, ஐந்து வருடம் கழித்து ஈயம்.

ஃபாரடே கோடியில் ஒருவர், அவரோடு ஷில்லிங் கொடுத்துக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் கதை யாருக்குத் தெரியும் என்று நீங்கள் மடக்கலாம். நியாயமான கேள்வி. சொற்பொழிவு கேட்டால் வேலை கிடைக்கும் என்று நான் சொன்னால் அது லாட்டரிச் சீட்டு விற்பவன் பேச்சாகிவிடும். நான் சொல்வது அதைவிடச் சின்னது. அந்த இடத்தில் முன்பின் தெரியாதவர்கள் ஒரு விஷயத்தை நடுவில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். மாமா இல்லாதவனுக்கு அதைவிட நல்ல வாசல் இல்லை. கிரெஷாம் கல்லூரியிலேயே 1660 நவம்பர் 28 அன்று கிறிஸ்டோபர் ரென் வானியல் பேசி முடித்ததும், கேட்டவர்கள் கலைந்து போகவில்லை. 12 பேர் ஓர் அறையில் கூடிப் பேசினார்கள். ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானச் சங்கம் பிறந்தது அந்தப் பேச்சில்தான். ரென் அன்று என்ன பேசினார் என்று கேட்டால் விழிப்பார்கள். பிற்பாடு நடந்தது ஊருக்கே தெரியும்.

இன்றும் கூட்டம் அப்படித்தான் முடிகிறது. கேள்வி நேரத்தில் முதலில் கையைத் தூக்குபவர் ‘இது கேள்வி அல்ல, ஒரு கருத்து’ என்று ஆரம்பித்து, நம் ஊர் நன்றியுரைக்காரரை நினைவூட்டுவார். பிறகு வெளிக்கூடத்தில் ஒயின், சிப்ஸ், நாவல்பழம் என்று நம்பி வாயில் போட்டால் உப்புக் கரிக்கிற ஆலிவ். சுற்றிலும் நரைத்த தலைகள். உபன்யாசக் கூட்டம் எங்கும் ரிட்டயர் ஆனவர்கள்தான் என்பீர்கள். ஆமாம், ஆனால் எதிலிருந்து ரிட்டயர் ஆனவர்கள்? நீதிமன்றத்திலிருந்து, ஆஸ்பத்திரியிலிருந்து, ரயில்வேயிலிருந்து. அவ்வளவு பேரும் மாமாக்கள், அதிலும் கையில் நேரம் உள்ள மாமாக்கள். ‘நான்’ என்று தொடங்குகிற வாக்கியத்தை அவர்களிடம் எடுத்துவிட்டால் கோப்பையைப் பார்ப்பார்கள். ‘அவர் சொன்ன அந்த இரண்டாவது காரணம் எனக்கு ஒட்டவில்லை’ என்றால் அரை மணி நேரம் நகர மாட்டார்கள்.

இன்னொரு ஆட்சேபம் தம்பியே சொல்வான்: எல்லாம் யூடியூபில் ஏறிவிடுகிறதே. ஏறுகிறது, ஆலிவ் ஏறுவதில்லை. நேரம் இல்லை என்பதுதான் கனமான வாதம். மாணவர் விசாவில் பாட நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், அதுவும் பெரும்பாலும் மாலையில், வாடகைக்காக. மதியச் சாப்பாட்டு நேரத்துச் சொற்பொழிவு அதற்குத்தான் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் ‘உங்களுக்கு விசா ஸ்பான்சர் தேவையா’ என்று ஒரு கட்டம் வரும். அதற்கு மட்டும் பட்டறையிலும் மருந்தில்லை, சொற்பொழிவிலும் இல்லை, ஃபாரடேயிடமும் இல்லை. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பலவீனத்தைப் பலமாக மாற்றிச் சொல் என்று பட்டறையில் ஒரு பாடம் வரும். அங்கே தம்பி ஹவுஸ்மன் என்ற லத்தீன் அறிஞரை நினைத்துக்கொள்ளட்டும். ஆக்ஸ்போர்டில் 1881-இல் இறுதித் தேர்வில் தோற்றவர், பத்து வருடம் பேட்டண்ட் ஆபீஸ் குமாஸ்தா. மாலையில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து லத்தீன், கிரேக்கக் கட்டுரைகள் எழுதினார். 1892-இல் யூனிவர்சிட்டி காலேஜின் லத்தீன் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தபோது, தோற்றேன் என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார். பதவி கிடைத்தது, அந்த ஆண்டு தொடக்கச் சொற்பொழிவும் அவருடையதே. தோல்வியைப் பளபளப்பாக்க அவருக்கு ஈயம் தேவைப்படவில்லை, பாத்திரம் நிறைந்திருந்தது. அவருக்கு நற்சான்று எழுதிக் கொடுக்கப் பெரிய அறிஞர்கள் இருந்தார்கள் என்று நீங்கள் திருப்பி அடிக்கலாம். இருந்தார்கள்தான். அந்த மாமாக்களை அவர் சம்பாதித்தது அந்தக் கட்டுரைகளால்.

ஆகவே தம்பி பட்டறைக்கு ஒரு தடவை போகட்டும், போட்டோவையும் உறுதிமொழியையும் கழற்றிக்கொண்டு வரட்டும், அது போதும். வாரம் ஒரு சொற்பொழிவுக்குப் பேனாவோடு போகட்டும். டிக்கெட் பதிந்தவர்களில் பாதிப் பேர் வர மாட்டார்கள், முன்வரிசை எப்போதும் காலியாக இருக்கும். பெட்டியில் கோட்டு சூட்டை அடைத்து எடை ஏற்ற வேண்டாம், இங்கே வாங்கிக்கொள்ளலாம். நல்ல கோடு போட்ட நோட்டு நாலு வையுங்கள். மதியச் சொற்பொழிவில் சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம் என்பதால், பெரியம்மாவின் அந்த மூன்றடுக்குக் கேரியரையும் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள். ஈயம் பூசியே அனுப்புங்கள். அந்தப் பட்டறை மட்டும் இந்த ஊரில் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்