சிங்கத்தோட மூஞ்சி எந்தப் பக்கம்?

டேய் பேராண்டி, பெப்ரவரி நாலு சுதந்திர தினத்துக்கு நம்ம இலங்கைக் கொடி கீறணும்னு காம்பரா முழுக்கக் கலர் பென்சிலக் கொட்டி வச்சிருக்கியே, கொஞ்சம் நகந்து உக்காரு. தாத்தா மூணாம் வகுப்போட பேர் பதிஞ்சி கொழுந்து மலைக்குப் போன ஆளுதான். இருந்தாலும் ஒரு மிருகம் எந்தப் பக்கம் பாக்குதுன்னு சொல்ல அந்தப் படிப்பு போதும்.

நீ சிங்கத்த மாத்தி நிப்பாட்டிட்ட. கம்பத்துப் பக்கம் ரெண்டு பட்டை வரும். ஓரத்துல பச்சை, அது முஸ்லிம் ஆளுகளுக்கு. அடுத்து செம்மஞ்சள், அது தமிழ் ஆளுகளுக்கு. சிங்கம் அந்தப் பட்டைகளத்தான் பாக்கணும், வாளத் தூக்கிக்கிட்டு. பயந்துக்காதடா. பிரட்டுக்களத்துல கணக்கப்புள்ள கம்போட நின்னாலும் நம்ம மூஞ்சியத்தானே பாப்பாரு? அம்புட்டு அக்கறை.

அது கண்டி ராசாவோட கொடி. 1815ல வெள்ளக்காரன் புடிச்சிச் சீமைக்குக் கொண்டு போயிட்டான். ஈ. டபிள்யூ. பெரேராங்கிறவரு லண்டன் செல்சீ ஆஸ்பத்திரியில தேடிக் கண்டுபுடிச்சாரு, 1915ல தினமின பத்திரிகையில படம் வந்திச்சி. அந்தக் கொடிக்குச் சொந்தக்காரரான கடைசி ராசா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் யாருங்கிற? மதுரை நாயக்கர் வழி. உசுரு போனது வேலூர்ல. சிங்கத்துக்குக் கடைசியாச் சோறு போட்டவரும் நம்மளப் போல அக்கரைச் சொந்தந்தான். இதப் பரீட்சையில எழுதித் தொலைக்காத, மார்க் வராது.

1948 பெப்ரவரியில கொடி ஏத்துனாங்க. அப்ப பட்டை கிடையாது. அதே வருசம் நவம்பர்ல பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்கப்பன நாடில்லாத ஆளாக்கிருச்சி. 1951 மார்ச்சுல பட்டை வச்ச கொடி பாராளுமன்றத்துல பாஸாச்சி. கொடிக் கமிட்டியில இருந்த செனட்டர் நடேசன் மட்டும் ஒத்துக்கல. ஆக, துணியில தமிழனுக்கு எடம் வந்தப்ப எங்கப்பனுக்கு ஓட்டு இல்ல. அதுக்கப்புறம் 1964ல நம்ம பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உக்காந்து 525,000 பேரு அந்தப் பக்கம், 300,000 பேரு இந்தப் பக்கம்னு பங்கு போட்டாங்க. மிச்சம் 150,000 பேரு நிறுவை முடிஞ்ச பெறகு கூடையில ஒட்டிக் கெடக்கிற கொழுந்து மாதிரி கெடந்தாங்க. 2003ல வேற ஒரு சட்டம் போட்டுத்தான் பாக்கி ஆளுகளுக்குப் பிரஜாவுரிமை குடுத்தாங்க. செம்மஞ்சளுக்கு ஏன் பென்சில் இம்புட்டுத் தேயுதுன்னு இப்ப வெளங்குதா?

நம்ம நாட்டுல மட்டும் இந்தக் கூத்துன்னு நெனைக்காத. அமெரிக்காக்காரன் 1773ல பொஸ்டன்ல 342 பெட்டி தேயிலையக் கடல்ல கொட்டித்தான் சண்டைக்கு வழி பண்ணுனான். கொழுந்து எடுத்தவ வயிறு எரிஞ்சிருக்கும், அதையெல்லாம் யாரு எழுதி வைக்கிறா? 1782ல முத்திரைக்குக் கழுகப் புடிச்சாங்க. பெஞ்சமின் பிராங்ளினுக்கு அது புடிக்கல. அடுத்த பறவை புடிச்ச மீனப் பறிச்சித் திங்கிற சாதின்னு மகளுக்குக் கடுதாசி எழுதுனாரு. நிறுவையில ரெண்டு கிலோ கழிக்கிற ஆளு எல்லா ஊர்லயும் இருக்கான் போல. அவங்க ஜனாதிபதி முத்திரையில கழுகு ரொம்பக் காலம் அம்புப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்திச்சி. 1945ல ஜனாதிபதி ட்ரூமன் அதோட தலைய ஒலிவ் கிளைப் பக்கம் திருப்பி வச்சாரு. தலையத் திருப்ப முடியும்டா. நீ திருப்பாத, டீச்சர் அடிப்பாங்க.

சரி, இப்ப நம்ம மலைக்கு வா. நமுனுகுலன்னா சிங்களத்துல ஒம்பது முடி. 2,036 மீட்டர் ஒசரம். வெறகுக்கு ஏறியே என் முட்டி தேஞ்சிச்சி, ஒரு நாளும் சிங்கத்தக் கண்டதில்ல. கண்டது காட்டுச்சேவல். செவந்த கொண்டை, நடுவுல மஞ்சத் திட்டு. இந்த நாட்ட விட்டா வேற எங்கயும் கெடையாது, அதான் தேசியப் பறவை. தப்புக் கொட்டுறதுக்கு முன்னயே எழும்பிக் கூவும். மலைக்குப் போற சாதிதான், ஆனா கொடியில எடமில்ல.

அரச இலச்சினைய எடுத்துக்க. 1972ல வச்சது. நெல்லுக் கதிர் இருக்கு, பூரண கும்பம் இருக்கு, சூரியன் சந்திரன் இருக்கு. எவ்வளவு தேடுனாலும் ஒரு தேயிலைக் கொழுந்து அகப்படல. ஆனா தேயிலைச் சபை முத்திரையப் பாரு, சிங்கம் வாளோட நிக்கும். இங்கயே பொதி பண்ணுன சுத்தமான இலங்கைத் தேயிலைக்குத்தான் அந்த முத்திரை. கொழுந்து சிங்கத்துக்கிட்டப் போகல, சிங்கந்தான் கொழுந்தத் தேடி வந்திருக்கு. ஒங்கம்மா இப்ப ஊத்தப்போற தூளு பொலித்தீன் பையில கெடக்கு. அதுல ஒரு எலியும் இல்ல.

சரி, அழிறப்பர எடு. ரெண்டு பட்டையும் ஒரே அகலந்தான், அடிமட்டம் வச்சி அளந்து கீறு.