கொசுவுக்குத் திறந்த வீடு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் எழும்பும் சொகுசு பங்களாக்களுக்குச் சுவர் என்றாலே அலர்ஜி. ஹாலுக்கும் தோட்டத்துக்கும் நடுவே தரையிலிருந்து கூரைவரை கண்ணாடிக் கதவு. தள்ளினால் இயற்கை உள்ளே வருமாம்.

வரத்தான் செய்கிறது. விடிந்ததும் கிழக்கு வெயில், பொழுது சாய்ந்ததும் கொசு, நாள் முழுக்க உப்புக்காற்று. கதவின் உருளையில் துருவேறிய பிறகு தள்ளுவதற்கு இரண்டு ஆள் வேண்டும். அடுத்து வெயிலுக்குத் திரை, திருடனுக்குக் கிரில், கொசுவுக்கு வலை. மறுபடி சுவர் வந்துவிட்டது. விலைதான் நாலு மடங்கு.

நோய் பழசுதான். அமெரிக்காவின் இல்லினாய்ஸில் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்து 1951-ல் முடித்த ஃபார்ன்ஸ்வொர்த் வீட்டுக்கு நாலு பக்கமும் கண்ணாடி. கட்டடக்கலை மாணவர்களுக்கு அது கோயில். குடியிருந்த டாக்டர் ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த்துக்கோ கோடையில் புழுக்கம், ராத்திரி விளக்கைப் போட்டால் பூச்சிப் படை. செலவுக் கணக்கு கோர்ட்டுக்குப் போனது. தாழ்வாரத்தைச் சுற்றிக் கொசுவலை ஏறியது. ஆற்றுக்குப் பயந்து தரையைவிட்டு 5 அடி உயர்த்திக் கட்டியும் 1954-ல் வெள்ளம் உள்ளே புகுந்தது. வெளியும் உள்ளும் ஒன்று என்ற தத்துவத்தை ஆறுதான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு யோசனை: கண்ணாடிக்குக் கொட்டேஷன் வாங்கும்போதே கொசுவலைக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பேரம் பேசினால் ஒரு கொசு பேட் இலவசமாகக் கிடைக்கலாம்.