கீழ இருந்து எண்ணு, மருமவனே

ஏ மருமவனே, சென்னை மாநகராட்சியில எல்லாத் தரப்பு ஆளும் வேலை பாக்கணும்னு நீ திட்டம் எழுதப் போறயாமே? எழுது, எழுது. படிச்ச புள்ள எழுதாம வேற யாரு எழுதுவா? சுளுவான வழி நாலு சொல்லுதேன், கேட்டுக்கோ.

மொதல்ல ஒரு மேசையைப் போடு. ஒரு பொம்பள, ஒரு திருநங்கை, சக்கர நாற்காலியில ஒருத்தர்னு சுத்தி உக்கார வச்சுப் படம் புடி. படம் தெளிவா விழணும். அவுக பேசினது விழாட்டியும் குத்தமில்ல. பாதித் திட்டம் அத்தோட முடிஞ்சுது.

பெறகு பழம்பெருமை. 1921-லயே நீதிக்கட்சிக்காரவுக, சர்க்கார் வேலையில எல்லா வகுப்புக்கும் பங்குன்னு வகுப்புவாரி அரசாணை போட்ட மண்ணுன்னு ஆரம்பி. 1956-லயே தாரா செரியன்னு ஒரு பொம்பள இங்க மேயரா வந்தாக. 2022-ல 28 வயசுப் புள்ள பிரியா, முதல் பட்டியல் சாதிப் பெண் மேயர். வார்டுலயும் சரிபாதி பொம்பளைகளுக்கு. அம்புட்டும் நெசம், நெஞ்ச நிமித்திச் சொல்லு. நிர்வாக அதிகாரம் மட்டும் கமிஷனர் கையிலங்கிறதைப் பொடி எழுத்துல போட்டுரு.

அடுத்தாப்புல சட்டம். இடஒதுக்கீடு 69 சதவீதம், மாற்றுத்திறனாளிக்கு 4, பொம்பளைகளுக்கு இருந்த 30-ஐ 40 ஆக்குதோம்னு 2021-ல சொன்னாக. கேக்கவே காது குளுருது. ஆனா இது அம்புட்டும் அரசாங்கம் தானே ஆள் எடுத்தாத்தானே? வேலையையே காண்ட்ராக்டர் தலையில கட்டிட்டா, சட்டத்தையும் மீறல, ஆளையும் எடுக்கல. இந்தச் சூட்சுமத்தக் கண்டுபுடிச்சவனுக்கு ஒரு சிலை வைக்கலாம்.

ஒரே ஒரு எடத்துல நீ விரலைக்கூட அசைக்க வேண்டாம். தெருக்கூட்டுத வேலை, குப்பை அள்ளுத வேலை. அங்க ஒதுக்கீடு கேக்காமலே பட்டியல் சாதிக்காரவுகதான் நெறைஞ்சு கெடக்காக, பொம்பளைகளும் ஏராளம். 'எங்களுக்கு அங்க எடம் தரலியே'ன்னு மேல்சாதிக்காரர் ஒருத்தராவது கோர்ட்டுப் படி ஏறினாரா? என்ன ஒரு பெருந்தன்மை!

2025 ஆகஸ்ட்டுல ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத்துத் துப்புரவுத் தொழிலாளிக, 'எங்களத் தனியார்கிட்டத் தள்ளாதீக, பர்மனென்ட் ஆக்குங்க'ன்னு மாநகராட்சி ஆபீசு ரிப்பன் மாளிகை வாசல்ல உக்காந்தாக. 13-ஆம் தேதி ராத்திரி போலீஸ் வந்து அள்ளிக்கிட்டுப் போச்சு. மறுநாளே அரசாங்கம் பல சலுகை அறிவிச்சுது, அதுல இலவசக் காலை டிபனும் ஒண்ணு. கேட்டது நிரந்தரம், கெடைச்சது பலகாரம்.

இப்ப வெளையாட்டை விட்டுச் சொல்லுதேன். கல்யாண வீட்டுல எல்லாச் சாதியும் இருந்தாகன்னு பீத்துதவன்கிட்ட, பந்தியில உக்காந்தது யாரு, எச்சி எலை எடுத்தது யாருன்னு கேளு. ஒன் ஆபீசுலயும் அதே கணக்குத்தான். எத்தனை வகை ஆளு இருக்காகங்கிறது பெரிசில்ல, எந்த வகை எந்தப் படியில நிக்குதுங்கிறதுதான் சங்கதி.

அதனால திட்டத்தோட முதல் பக்கத்துல ரெண்டே பட்டியல் போடு. குப்பை வண்டிக்குப் பின்னால நடக்குதவுக யாரு, எத்தனை வருசமா தினக்கூலி? டெண்டர்ல கையெழுத்துப் போடுதவுக யாரு? மேல இருந்து எண்ணாத, கீழ இருந்து எண்ணு.

எண்ணி முடிக்கிறதுக்குள்ள ஒனக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துரும். கலங்காத. நம்ம பக்கமாப் பாத்துக் கேட்டு வாங்கிக்கோ, இங்க களையெடுக்க ஆள் இல்லாமத்தான் தவிக்கேன்.