25 கிலோவும் ஓர் இட்லி அண்டாவும்

வீட்டுச் சமையல் சிலிண்டருக்குள் இருக்கும் எரிவாயு மட்டும் 14.2 கிலோ. இரும்புக் கூட்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 30. மும்பையில் இதைக் கொண்டுவந்து போடுகிறவர், சைக்கிள் கேரியரின் இரு பக்கமும் கொக்கி போட்டு, பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டுத் தள்ளிக்கொண்டே வருவார். ஆகமொத்தம் 60 கிலோ. அந்தக் கேரியரில் எவ்வளவு ஏற்றலாம் என்று எங்கும் எழுதியிருக்காது. எழுதியிருந்தால் மும்பையில் பாதி வீடுகளில் அடுப்பு எரியாது.

புதுக் கேரியர்களில் எழுதியிருக்கிறது. 'அதிகபட்சம் 25 கிலோ' என்பது பரவலாகக் காணப்படும் எண். செம்பூர் நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, தம் சாமான்களை வீட்டு எடைமேடையில் ஒவ்வொன்றாக நிறுத்தார். மடிக்கணினி, சாப்பாட்டு டப்பா, மழைக்கோட்டு, மாற்றுச் சட்டை எல்லாம் சேர்ந்தும் 7 கிலோவைத் தாண்டவில்லை. மனிதருக்குப் பெரிய நிம்மதி. அதுவரை முதுகுப்பையோடு பாந்த்ரா-குர்லா வளாகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். மும்பைப் புழுக்கத்தில் சயான் வருவதற்குள் முதுகில் பையின் வரைபடம் ஈரத்தில் அச்சாகிவிடும்.

கேரியர் வாங்கக் கடைக்குப் போனார். கடைக்காரர் நண்பரின் கியர் சைக்கிளைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். மாட்டுவதற்கு ஃபிரேமில் திருகு ஓட்டையே இல்லை என்று கைவிரித்தார். பந்தயத்துக்கென்று வடிவமைத்த வண்டியில் பாரம் ஏற்ற வழி வைப்பானேன் என்று செய்தவர்கள் விட்டிருக்க வேண்டும். சீட்டுக் கம்பியில் கவ்வும் கேரியர் ஒன்று உண்டு. அதன் தாங்குதிறன் பெரும்பாலும் 10 கிலோவுக்குள்தான். அலுவலகத்துக்குப் போதும். ஆனால் நண்பருக்குத் திரும்பும் வழியில் மாட்டுங்கா மார்க்கெட் இருக்கிறதே!

இனி தாராவி இட்லிக்காரர்களைப் பார்ப்போம். விடிவதற்குள் கிளம்பி, ரப்பர் ஹாரனைப் 'பாம் பாம்' என்று அமுக்கிக்கொண்டு நகரம் முழுவதும் இட்லி கொண்டுபோகும் தமிழர்கள் இவர்கள். பழைய கறுப்புச் சைக்கிள். பின்னால் துணி போட்டு மூடிய இட்லி அண்டா, அதனோடு வடை. ஹேண்டில்பாரில் சட்னியும் சாம்பாரும். வண்டியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். கேரியரின் கால்கள் நேராகப் பின்சக்கர அச்சின் நட்டில் வந்து இறங்குகின்றன. பாரம் ஃபிரேமைத் தொந்தரவு செய்யாமல் சக்கரத்தின் தலையில் போய் உட்கார்கிறது. அண்டாவைக் கட்டியிருப்பது பழைய டியூபைக் கிழித்த ரப்பர் பட்டை. குழியில் இறங்கும்போது அதுவும் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், அண்டா குலுங்காது. இதைச் செய்தவருக்கு விருது எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

1890இல் மகாதேவ் ஹவாஜி பச்சே தொடங்கி வைத்த சேவையில் வீட்டுச் சாப்பாட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் டப்பாவாலாக்களுக்கு எடையைவிட நேரம்தான் பெரிது. அதனால் அவர்கள் சைக்கிளில் தொங்குவது வாய் திறந்த துணிப்பை. ஜிப், பக்கிள், பூட்டு என்று பை எவ்வளவு அலங்காரமாக இருக்கிறதோ அவ்வளவு தாமதமாகச் சாப்பாடு வரும்.

மழைதான் பாக்கி. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டிய ஊர் இது. 1981இல் ஹார்ட்முட் ஓர்ட்லீப் என்ற ஜெர்மன் இளைஞர் தெற்கு இங்கிலாந்தில் சைக்கிள் சுற்றுலா போய், மழையில் பையும் துணியும் ஊறிப் போக, எதிரே தார்ப்பாய் போர்த்திய லாரியைக் கண்டார். அதே தார்ப்பாயில் பை தைத்தார். அடுத்த ஆண்டு கம்பெனியே தொடங்கிவிட்டார். இன்று அந்தப் பைகள் உலகப் பிரசித்தம், விலையும் அப்படியே. மும்பையிலோ ஜூன் பிறந்தால் கூரை முதல் கறிகாய்க் கடை வரை நீலத் தார்ப்பாய்தான். மூலப்பொருள் நம் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது, தைக்கத்தான் தோன்றவில்லை.

நண்பருக்குத் தோன்றியது. பை தைக்கும் பட்டறைகளுக்குத் தாராவியில் பஞ்சமா? திருநெல்வேலிப் பக்கத்துத் தையல்காரர் ஒருவர் ஷோரூமில் எவரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்: "மொதல்ல என்ன சாமான் வைக்கப் போறீங்கன்னு சொல்லுங்க அண்ணாச்சி." வாழை இலை என்றார் நண்பர். "இலையப் பையில வச்சா கிழிஞ்சு போகும்லா? சுருட்டி நாரைப் போட்டுக் கட்டுங்க, மிச்சத்துக்குத் தைச்சுத் தாரேன்." பை அருமையாக வந்தது. மாட்டத்தான் கேரியர் இல்லை. கடைசியில் நண்பர் ஒரு பழைய ஹெர்குலிஸ் வாங்கினார். கியர் சைக்கிள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே வருகிறது.

ஆகவே பை வாங்கக் கிளம்பும் அன்பர்களே, முதலில் பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் கேரியர் மாட்ட ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கனமான சாமானைக் கீழே, இரு பக்கமும் சமமாக வையுங்கள். மிதிக்கும்போது குதிகால் பையில் இடித்தால் பையை இன்னும் பின்னுக்குத் தள்ளுங்கள். விலை கேட்பதெல்லாம் அதற்குப் பிறகு.