செப்டம்பர் அண்ணாச்சி

சன்னிவேல், ஃப்ரீமாண்ட் பக்கம் எந்தத் தமிழ் வீட்டு விருந்துக்குப் போனாலும் அங்கே ஒரு செப்டம்பர் அண்ணாச்சி இருப்பார். தட்டோடு ஓரமாக நிற்கும் புதுப் பையன் யாராவது "ஐபாட் டச் ஒண்ணு வாங்கலாம்னு..." என்று வாயெடுத்தால் போதும். அண்ணாச்சி அவன் தோளில் கை போட்டுவிடுவார்.

"இப்ப வாங்கிராதீங்க தம்பி. செப்டம்பர் வரைக்கும் பொறுத்துக்கிடுங்க."

தயிர்சாதம் காய்ந்தபிறகுதான் பையனுக்கு விடுதலை.

ஆப்பிளின் புது ஐபாடுகள் அந்தக் காலத்தில் செப்டம்பரில் வரும். அண்ணாச்சி ஆப்பிளில் வேலை பார்ப்பவர் அல்ல. வேறெங்கோ டேட்டாபேஸ் கட்டி மேய்ப்பவர். ஆனால் ஆபீஸ் போகிற வழியில் கூப்பர்டினோவின் இன்ஃபினிட் லூப் வளாகம் கண்ணில் படும். "ராத்திரி ஒம்போது மணிக்கும் பார்க்கிங் நிறைஞ்சு கெடக்கு. பெருசா ஒண்ணு வருது" என்பார். உளவுத்துறை தோற்றது.

2007-இல் முதல் ஐபாட் டச் வந்தது. மூன்றரை அங்குலத் தொடுதிரை, வைஃபை, 8 ஜிபி 299 டாலர். ஸ்பீக்கர் கிடையாது, ஓரத்தில் வால்யூம் பட்டனும் கிடையாது. "அடுத்ததுல ரெண்டும் வரும்" என்றார் அண்ணாச்சி. 2008-இல் ரெண்டும் வந்தன, விலையும் 229-க்கு இறங்கியது. அன்றோடு கெட்டார் மனிதர். ஒரு ஆரூடம் பலித்தவரை அதன்பிறகு யாராலும் பிடித்து உட்காரவைக்க முடியாது.

அவருடைய பொற்காலம் 2009. உறை தயாரிப்பவர்கள் புது மாடலுக்கென்று செய்த கவர்களின் படங்கள் அந்தக் கோடையில் கசிந்தன. முதுகுப்புறம், மேலே நடுவில், ஒரு ஓட்டை. மாப்பிள்ளை போட்டோவைப் பெண் வீட்டார் பார்ப்பதுபோல அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "கவர்ல ஓட்டை போட்டிருக்கான். உள்ள கேமரா இல்லாம காத்து வாங்கவா போட்டிருக்கான்?" கேமராவில் ஆரம்பித்த பட்டியல், சாம்பார் பரிமாறும்போது மைக், ரசத்துக்கு எஃப்எம் ரேடியோ, பாயசத்துக்கு ஜிபிஎஸ் என்று வளர்ந்தது. பீடாவுக்கு என்ன வந்திருக்குமோ, நாங்கள் கிளம்பிவிட்டோம்.

செப்டம்பர் 9 அன்று சான்ஃபிரான்சிஸ்கோ மேடையில், கல்லீரல் மாற்று சிகிச்சைக்குப்பின் முதல்முறையாக ஸ்டீவ் ஜாப்ஸ் தோன்றினார். வீடியோ கேமரா வந்தது. ஆனால் பொடியன் நானோவுக்கு! டச்சுக்குக் கிடைத்தது விலைக்குறைப்புதான்: 8 ஜிபி 199 டாலர். விலையை அங்கே கொண்டுவரத்தான் கேமராவைச் சேர்க்கவில்லை என்று ஜாப்ஸே நியூயார்க் டைம்ஸிடம் விளக்கினார்.

துக்கம் விசாரிக்கப் போனோம். அண்ணாச்சி ஜம்மென்று இருந்தார். புது மாடலைப் பிரித்துப் போட்டவர்கள் உள்ளே இரண்டு சங்கதிகளைக் கண்டிருந்தார்கள்: மேல்பக்கம் கேமரா உட்காரும் அளவுக்குக் காலியிடம், எஃப்எம் வசதி உள்ள, ஆனால் அதை வெளியே காட்டாத ஒரு சிப்.

"நான் சொன்னேனா இல்லியா? எடம் போட்டு வச்சிருக்கான் பாத்தீங்களா!"

காலியிடத்தைக் காட்டி வெற்றிவிழா கொண்டாட அவரால்தான் முடியும்.

இதற்கிடையே மதினி முதல் மாடலையே கேட்காமல் கொள்ளாமல் வாங்கிவிட்டார். சமையலறையில் அதில் கந்த சஷ்டி கவசம் ஓடும். "அதுல இது இல்ல, அது இல்ல" என்று அண்ணாச்சி அடுக்கினால், மதினி ஹெட்போனைக் காதில் இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொள்வார். அந்தக் கருவியின் ஆகச் சிறந்த வசதி அதுதான் என்பது என் கட்சி.

2010-இல் முன்னும் பின்னும் கேமரா, ரெட்டினா திரை, ஃபேஸ்டைம் எல்லாம் வந்தன. கேட்டதெல்லாம் கிடைத்தால் பக்தனுக்குச் சங்கடம். ஒரு வாரம் ஆள் வாடித்தான் போனார். பிறகு தெளிந்தார். "பின்னால போட்டிருக்கானே கேமரா, போட்டோ எடுத்தா ஒரு மெகாபிக்சல்கூடத் தேறல. அடுத்தது வரட்டும்."

அடுத்ததும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. 2022 மே மாதம் ஆப்பிள், ஐபாட் டச் இனி கிடையாது, கையிருப்பு தீரும்வரை விற்போம் என்று அறிவித்தது. அன்றுதான் அண்ணாச்சி பர்ஸை எடுத்தார். இதைவிட நல்லது இனி வரவே வராது என்று கம்பெனியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபிறகு என்ன பயம்? நிதானமாக நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்குள் சரக்கு தீர்ந்துவிட்டது.

"போகட்டும்" என்றார். "எதுக்கு நிறுத்துறான்னு நெனைக்கீங்க? தலையில மாட்டுற மாதிரி ஒண்ணு வருதாம். ஆனா தம்பி, அதுலயும் முதல் மாடல வாங்கிராதீங்க."